ஒரு சில்லு சுழல, மறு சில்லு நிற்க

மாரிகாலத்தில் முருங்கன் களியை மிதித்தறியாதவர்களுக்கு அதன் குணத்தை எழுதிக் காட்டுவது எளிதன்று. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அக்கரிய மண், இரண்டு மழை கண்டதும் பிசினாகிவிடும். நடப்பவனுடைய செருப்பை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பிக் கொடுக்கும். ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு இம்மண்ணே சென்றது. சீமெந்துக்கு உதவிய மண் வண்டிக்கு உதவுவதில்லை என்பதை நாம் நன்கு அறிவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காலபோகத்தின் நடுவில், பன்னிரண்டு மூடை யூரியாவை ஏற்றிக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டோம். வண்டி, 1964ஆம் ஆண்டில் உருவான லாண்ட் ரோவர். பின்புறம் திறந்த நெடிய வகை. வாய்க்காலோரம் திரும்புமிடத்தில் இடப்புறச் சில்லுகள் இரண்டும் களிக்குள் இறங்கின. வலப்புறத்தவை வரம்பின் கெட்டித் தரையிலேயே நின்றன. நான்கு சில்லுக்கும் விசை செல்லும் வண்டி என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தோம். அன்றோ களியில் கிடந்த இரண்டும் பம்பரமாகச் சுழன்றன. கெட்டித் தரையில் நின்ற இரண்டும் வேடிக்கை பார்த்தன. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அயல் வயற்காரர் தமது உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து எம்மை இழுத்தெடுக்கு முன்னர் எட்டு மூடை யூரியா நனைந்து பாழாயிற்று. அந்தப் போகத்தில் எமக்குக் கிடைத்த விளைச்சலைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அவருடைய உழவு இயந்திரமும் அதே களியில்தான் இறங்கியது. அதன் சில்லொன்றும் வழுக்கிச் சுழலத் தொடங்கியது. அவர் பதறவில்லை, இருக்கைக்குக் கீழே இருந்த சிறிய மிதியொன்றை மிதித்தார். மறுகணம் இரு சில்லுகளும் ஒன்றாகச் சுற்ற, இயந்திரம் முன்னேறியது. வரம்பருகே திரும்பு முன் காலை எடுத்துவிட்டார். இந்த மிதியை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அது என்ன செய்கிறது என்று அன்றுதான் சிந்தித்தோம்.

மாட்டு வண்டிக்கு இத்தொல்லை இல்லை. அதன் அச்சு சுழல்வதில்லை. சில்லுகள் இரண்டும் தத்தம் போக்கில் உருளும். ஆனால் அங்கே இழுப்பது மாடு. மோட்டார் வண்டியிலோ சில்லே வண்டியைத் தள்ளவேண்டும். வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லை விடக் கூடிய தூரம் ஓடவேண்டியிருக்கிறது. எமது வண்டியின் பின்சில்லுகளுக்கு இடையே உள்ள அகலம் சுமார் 1.3 மீற்றர். உட்சில்லு 5 மீற்றர் ஆரையில் அரைவட்டமடித்துத் திரும்பினால், வெளிச்சில்லு ஏறக்குறைய 4 மீற்றர் கூடுதலாக ஓடும். மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பொருத்தினால் ஏதாவதொன்று தரையில் தேய்ந்தே ஆகவேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் பற்சக்கரத் தொகுதியே டிபரென்ஷல். கராஜ்களில் ‘டிப்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1827இல் பிரான்சு நாட்டின் மணிக்கூட்டுத் தொழிலாளரான ஒனெசிபோர் பெக்கர் என்பவர் நீராவி வண்டியொன்றுக்காக இதனை அமைத்தார். இயந்திரத்திலிருந்து வரும் தண்டு கிறவுண் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. அதனோடு பூட்டப்பட்ட கூட்டினுள்ளே சிறு பற்சக்கரங்கள் சில இருக்கின்றன. அவை இருபுறத்து அரையச்சுகளையும் இயக்குகின்றன. அதே வேளையில் ஒன்று விரைந்தால் மற்றது தாமதிக்கவும் இடங்கொடுக்கின்றன.

இதன் நேர்மையே இதன் குறை. டிபரென்ஷல் இருபுறத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையையே கொடுக்கும். களியில் கிடக்கும் சில்லைச் சுற்ற 50 பங்கு விசை போதுமென்றால், கெட்டித் தரையில் நிற்கும் சில்லுக்கும் அந்த 50 பங்குதான் கிடைக்கும். அச்சில்லு 400 பங்கு விசையைத் தாங்கி வண்டியைத் தள்ள வல்லதாயினும் பயனில்லை. இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டிவிட்டாலோ வலியது தன்னால் இயன்றவரை தள்ளும். மெலியது கூடவே சுற்றும். உழவு இயந்திரத்தின் மிதி செய்த வேலை இதுதான். இதனைச் செய்யும் கருவியை லொக்கர் என்கிறார்கள்.

எமது வண்டிக்கும் ஒரு லொக்கர் பூட்டுவதென்று முடிவு செய்தோம். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எமது மருமகன், எமது தங்கையின் மூத்த பிள்ளை, “நாங்களே பூட்டலாம், மாமா” என்றான். கராஜ்காரர் ஒருவர், “அந்தக் காசுக்கு வண்டியை விற்றுவிட்டு வேறொன்று வாங்குங்கள்” என்றார். இரண்டு ஆலோசனைகளில் விலை குறைந்ததாகத் தோன்றியதை ஏற்றோம். அது உண்மையிலேயே விலை குறைந்ததா என்று இன்றும் கணக்குப் பார்க்கவில்லை.

எதனை வாங்குவது?

கடைக்குப் போனால் லொக்கர் ஒரு சாமான் அன்று. ஒரு குடும்பமே இருக்கிறது. வழுக்கலை ஓரளவு மட்டும் தடுப்பன ஒரு வகை. 1935இல் ஜெர்மனியில் பந்தயக் கார்களின் பின்சில்லு வீணே சுழல்வதைத் தடுக்க, பேர்டினண்ட் போர்ஷே அவர்கள் இசட்.எப். நிறுவனத்தாரைக் கொண்டு செய்வித்தது இத்தகையதே. தார் வீதிக்கு அது நன்று. ஆயினும் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கும் வேளையில் அதனை முழுதும் நம்ப முடியாது. உள்ளிருக்கும் பற்சக்கரங்களை வெல்டிங் செய்து ஒட்டிவிடுவோரும் உளர். வீதியில் ஓடும் வண்டிக்கு அந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, தானாகவே பூட்டிக்கொள்வது. விசை கொடுத்தவுடன் இரு சில்லுகளும் பூட்டுண்டு ஓடும். வண்டி திரும்பும்போது, விரைந்தோடும் வெளிச்சில்லு பற்களின்மேல் ‘டிக் டிக்’கென ஏறி நழுவித் தன்னை விடுவித்துக்கொள்ளும். இவ்வகையிற் சிறியவை பழைய கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். சிறு பற்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் வைத்தாற் போதும். அமெரிக்கர் இதனைச் ‘சாப்பாட்டுப் பெட்டி லொக்கர்’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அத்தனை சிறிய பொதியில் அடங்கும். வீட்டு முற்றத்தில் வேலை செய்பவனுக்கு இதைவிட வாய்ப்பானது இல்லை. மற்றது, ஓட்டுபவர் விரும்பும்போது மட்டும் பூட்டுவது. கம்பியாலோ மின்சாரத்தாலோ காற்றாலோ அதனை இயக்குவர். டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகள் சிலவற்றில் மின்சாரத்தால் பூட்டும் வகை ஆலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. காற்றால் பூட்டும் வகையை உலகெங்கும் பரப்பியவர்கள் மெல்பேணில் 1975இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தார், 1987இல் அதன் உரிமையை வாங்கினார்கள். இவ்வகைக்குக் கூடு முழுவதையும் மாற்றவேண்டும். காற்றடிக்கும் பம்பியும் குழாயும் வேண்டும். விலையும் மூன்று நான்கு மடங்கு.

நாம் சாப்பாட்டுப் பெட்டியின் பக்கமே சாய்ந்திருந்தோம். ஆனால் அந்த வண்டியை ஓட்டுவது நாம் மட்டுமல்லவே. கிழமையில் ஐந்து நாளும் காலையில் எமது தங்கை அதில் இளைய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முருங்கனிலிருந்து மன்னாருக்குப் போய்வருவாள். தள்ளாடியிலிருந்து தீவுக்குச் செல்லும் அந்த நீண்ட வீதியில் கடற்காற்றும் மழையும் சேர்ந்து வரும். தீவுக்குள் புகுந்தாலோ, நடுவீதியில் நின்று நியாயம் பேசும் மன்னார்க் கழுதைகள்.

நாம் விளக்கியதையெல்லாம் அவள் பொறுமையோடு கேட்டாள். “அண்ணா, தார் வீதியில் வளைவில் போகும்போது இது பூட்டிக்கொள்ளுமா?” என்றாள்.

விசையை அழுத்தினால் பூட்டும், விட்டால் சில வேளை ஒரு சத்தத்தோடு கழலும் என்றோம்.

“ஈர வீதியில்?”

ஈரத்தில் இரண்டு பின்சில்லும் ஒருங்கே வழுக்கினால் வண்டியின் வால் பக்கவாட்டில் இழுபடக்கூடும். அதனை மறைக்க முடியவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தோம்.

“களியில் நிற்பது வருசத்தில் இருபது நாள். பிள்ளைகளோடு நான் போவது இருநூறு நாள். எனக்குத் தெரியாமல் தானாகப் பூட்டுகிற சாமான் எனக்கு வேண்டாம்” என்றாள். அதற்குப் பிறகு அதில் பேச இடமிருக்கவில்லை. நாம் அதுவரை வாசித்த விளம்பரங்களில் ஒன்றுகூட, வண்டியை யார் ஓட்டுவார்கள் என்று எம்மைக் கேட்டிருக்கவில்லை. காற்றுப் பூட்டே வாங்குவதென்று முடிவாயிற்று. மெல்பேணில் வாழும் உறவினர் விடுமுறைக்கு வந்தபோது பொதியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

வாங்கு முன் தெரிந்துகொள்ளவேண்டியது இன்னொன்று உண்டு. ஒரே பெயர் கொண்ட வண்டியில் ஒரே அச்சு இருக்குமென்று எண்ணலாகாது. எமது வகை வண்டியில் டிபரென்ஷலை முன்புறமாக முழுதாகக் கழற்றி மேசையில் வைத்துக்கொள்ளலாம். பின்வந்த நெடிய வண்டிகளில் சோல்ஸ்பரி என்னும் கனத்த அச்சு உண்டு. அதில் வேலை முழுவதையும் வண்டிக்குக் கீழே கிடந்தே செய்யவேண்டும். அரையச்சின் முனையிலுள்ள பள்ளங்களையும் எண்ணவேண்டும். எமதில் பத்து, பின்வந்தவற்றில் இருபத்துநான்கு. தொகை மாறினால் வாங்கிய லொக்கர் அலுமாரியை அலங்கரிக்கவே உதவும்.

முற்றத்தில் நடந்தது

ஒரு சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். எண்ணெயை வடித்தோம், சுமார் 1.7 லீற்றர். அதில் இரும்புத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று துணியில் வடிகட்டிப் பார்த்தான் மருமகன். சில்லுகளைக் கழற்றாமலே, நடுவிலுள்ள ஆறாறு போல்ட்டுகளைக் கழற்றி அரையச்சுகளை உருவிவிடலாம். வண்டியின் பாரத்தை அவை சுமப்பதில்லை. இந்த வண்டியை அமைத்தவர்களை அப்போது மனத்தால் வாழ்த்தினோம்.

வாழ்த்திய வாய் மூடவில்லை. வண்டி மெதுவாக அசைந்தது. கைப் பிறேக்கை இறுக இழுத்துத்தான் இருந்தோம். ஆனால் இவ்வண்டியின் கைப் பிறேக் சில்லைப் பிடிப்பதன்று. பின்புறம் செல்லும் தண்டைப் பிடிப்பது. அரையச்சுகளை உருவிவிட்ட பின் அந்தத் தண்டுக்கும் சில்லுக்கும் உறவு ஏது? எமது முற்றம் கிணற்றுப் பக்கமாகச் சற்றே சரிந்தது. மருமகன் வண்டிக்குக் கீழே கிடந்தான். ஒரு சாண் தூரம் உருண்டு, தற்செயலாகக் கிடந்த உரலில் முட்டி வண்டி நின்றது. அவன் வெளியே வந்து எம்மைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னர் நான்கு சில்லுக்கும் முன்னும் பின்னும் மரக்குற்றி வைத்தோம். அச்சின் கீழும் குற்றி அடுக்கினோம். அவனுடைய தாய்க்கு இச்செய்தி இதனை வாசிக்கும்போதுதான் தெரியவரும்.

தண்டின் நான்கு போல்ட்டுகளையும் டிபரென்ஷலைப் பிடித்திருந்த நட்டுகளையும் கழற்றி, அதனை இருவருமாகப் பலகையில் இறக்கினோம். பெயாரிங் மூடிகள் இரண்டிலும் எது இடம், எது வலம் என்று பொளியால் அடையாளமிட்டோம். அவை அவ்வவ்விடத்திலேயே வைத்துக் கடையப்பட்டவை. இடம் மாறினால் பொருந்தா. பினியன் என்னும் சிறிய முன்பற்சக்கரத்தைத் தொடவே இல்லை. அது தன் ஆழத்தில் சரியாக நிற்கும்போது அதனைக் கலைப்பது வீண் வம்பு. கிறவுண் வீலைப் பழைய கூட்டிலிருந்து கழற்றிப் புதிய கூட்டில் புதுப் போல்ட்டுகளால் பூட்டினோம். பெயாரிங்குகளை ஏற்றுவதற்கு மட்டும் கராஜுக்குப் போய் அழுத்தும் இயந்திரத்தின் உதவியைப் பெற்றோம். சுத்தியலால் அடித்து ஏற்றுவோர் உண்டு. பெயாரிங் அதனை மறப்பதில்லை.

இனி வந்ததே உண்மையான வேலை. கிறவுண் வீலின் பற்களுக்கும் பினியனின் பற்களுக்கும் இடையே சிறிதளவு தளர்ச்சி இருக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்தாகப் பகுத்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு. கொப்பித் தாள் ஒன்று அல்லது இரண்டின் தடிப்பு என்று கொள்ளலாம். சரியான எண்ணை வண்டியின் கைந்நூலில்தான் பார்க்கவேண்டும். இறுக்கம் கூடினால் பற்கள் சூடேறித் தேயும். தளர்வு கூடினால் ஒவ்வொரு முறை விசை கொடுக்கும்போதும் மோதிக்கொள்ளும். இருபுறத்துத் திருகு வளையங்களை ஒரு புறம் தளர்த்தி மறு புறம் இறுக்கி, கிறவுண் வீலைப் பக்கவாட்டில் நகர்த்தி இதனைச் சரிசெய்வார்கள்.

நாம் கையால் அசைத்துப் பார்த்தோம். “சரியாக இருக்கிறது, மூடுவோம்” என்றோம். மாலை ஐந்து மணி, மழையும் இருண்டுவந்தது.

“கையால் அளக்கக் கூடாது, மாமா” என்று கல்லூரியில் இரவல் வாங்கிவந்த டயல் கேஜைப் பொருத்தினான் மருமகன். முதலிடத்தில் அளவு சரியாகவே இருந்தது. எமக்குச் சற்றுப் பெருமை. சக்கரத்தைக் கால்வாசி திருப்பி மீண்டும் அளந்தான், வேறு அளவு. மறுபுறம் திருப்பினான்; தளர்ச்சியே இல்லை. கிறவுண் வீல் கோணலாக நிற்கிறது என்றான். புதுச் சாமான் பிழையென்று மெல்பேண் வரை திட்டத் தொடங்கினோம்.

அவன் திட்டவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினான். கிறவுண் வீலின் பின்முகத்தை மண்ணெண்ணெயால் கழுவி விரல்நுனியால் தடவிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். பழைய போல்ட்டைக் கழற்றும்போது எமது கை தவறி உளி பட்ட இடம். அரிசியின் குறுநொய் அளவுகூட இல்லாத ஓர் இரும்புப் பிசிறு. சாணைக்கல்லால் அதனைத் தேய்த்து நீக்கி, இரு முகங்களையும் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினான். ஞாயிறு காலையில் நான்கிடங்களிலும் அளவு ஒத்து வந்தது. பற்களில் நீல மை பூசிச் சுற்றிப் பார்த்தோம். பல்லின் நடுவிலேயே மை அழிந்திருந்தது. முதல் நாள் மாலை மூடியிருந்தால் அந்த டிபரென்ஷல் எந்த வீதியில், யாரை ஏற்றிக்கொண்டு போகும்போது உடைந்திருக்கும் என்பதை நாம் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மற்றவை விரைவாக முடிந்தன. காற்றுக் குழாய் செல்வதற்கு டிபரென்ஷலின் இரும்பு உடம்பில் ஒரு துளை போட்டோம். துளைக்கும்போது உதிரும் பொடி உள்ளே விழாதபடி துளையாணிக்குக் கிறீஸ் பூசிக்கொள்ள வேண்டும், பிறகும் கழுவவேண்டும். பம்பியைத் தட்டின் முன்மூலையில் பொருத்தினோம். அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 இறாத்தல் அழுத்தத்தில் காற்றைச் சேர்த்து வைக்கும். எமது வண்டியில் பழைய வழக்கப்படி பற்றரியின் நேர்முனையே உடம்போடு இணைக்கப்பட்டிருந்தது. புதிய மின்சாதனங்கள் மறைமுனையை எதிர்பார்ப்பவை. ஆதலால் கம்பி இணைக்கு முன் ஒரு மாலைப்பொழுது முழுவதும் படம் வரைந்து பார்த்தோம். பின்னர் இரு பின்சில்லுகளையும் உயர்த்தி, கியரை நடுநிலையில் விட்டு, ஒன்றைக் கையால் சுற்றினோம். மற்றது எதிர்த்திசையில் சுற்றியது. சுவிச்சைப் போட்டதும் ‘டொக்’கென்று ஒரு சத்தம், இப்போது இரண்டும் ஒரே திசையில் சுற்றின. தங்கையின் விருப்பப்படி, பூட்டு விழுந்திருக்கும்போது சிவப்பு விளக்கொன்று எரியும்படி அவள் கண்ணுக்கு நேரே வைத்தோம்.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. லொக்கர் புதிதாக விசை எதனையும் உண்டாக்குவதில்லை. முன்பு களியில் வீணாகியது இப்போது இரும்பின்மேல் விழுகிறது. ஒரு சில்லு மட்டுமே தரையைப் பற்றியிருக்கையில், அச்சுக்கு வரும் விசை முழுவதையும் ஒற்றை அரையச்சே தாங்கவேண்டும். எமது வண்டியின் பத்துப் பள்ள அரையச்சு உடைவதில் பெயர்பெற்றது. ஆகவே பூட்டிய பின் தாழ்ந்த கியரில் மெதுவாகச் செல்லவேண்டும்; துள்ள விடலாகாது. சில்லு சுழலத் தொடங்கிய பிறகு பூட்டுவதை விட, இறங்கு முன் நிறுத்திப் பூட்டுவது நன்று. இருக்கைக்குக் கீழே மேலதிக அரையச்சு ஒன்றும் கிடக்கிறது. தேய்ந்த டயரோடு லொக்கர் பூட்டுவதும் வீண். டயரையும் அதன் காற்றையும் முதலிற் பார்க்கும்படி நண்பர்களுக்குச் சொல்லி வருகிறோம். அவர்கள் லொக்கரைப் பற்றியே கேட்கிறார்கள்.

அடுத்த மாரியில் அதே வாய்க்கால் வளைவுக்குப் போனோம். தங்கையும் எம்மோடு வந்தாள். வண்டியை நிறுத்தி, பூட்டி, சிவப்பு விளக்கைக் கண்ட பின் இறங்கினோம். இடப்புறச் சில்லுகள் அச்சுவரை புதைந்தன. வண்டி தயங்கவில்லை, எருமை நடப்பதுபோல் நடந்து மேடேறியது. மூடைகளில் ஒன்றும் நனையவில்லை. அந்த மகிழ்ச்சியில் வயற் படலைக்குத் திரும்பும்போது சுவிச்சை நிறுத்த மறந்துபோனோம். சுக்கானை முழுதாக வளைத்தும் வண்டி திரும்ப மனமின்றி நேரே சென்று, அயல் வயற்காரரின் வேலியில் இரண்டு கதியால்களைச் சாய்த்தது.

“அண்ணா, விளக்கு எரிகிறது” என்றாள் தங்கை.